நெருப்பு மலைக்கு ஒரு சூட்டு மிஷினு

கேட்டியாடி, எதிர்வூட்டுக்காரன் மாடிக்கு மறுபடியும் வாடகைக்கு ஆள் தேடுறானாம்! அன்னிக்கு ஆடுன ஆட்டம் என்னா? ஏசி மாட்டிட்டு, "வெயில் காலத்துல குளிரும் குடுக்கும், பனி காலத்துல சூடும் குடுக்கும்"னு பீத்திக்கினான். சாமியே நெருப்பா நின்ன இந்த நெருப்பு மலை அடிவாரத்துல சூடு வேணும்னு எவன் அழுதான்? சித்திரை வெயில்ல ஒரு வெள்ளக்காரம்மா ரூம் பாக்க வந்துச்சு. இவன் பவுசு காட்டறேன்னு ரிமோட்டுல சூட்டப் போய் அமுக்கிட்டான். நிறுத்தவும் தெரியல. அந்தம்மா மூஞ்சி தக்காளியாட்டம் சிவந்து, நேரா என் வூட்டுக்கு ஓடியாந்துச்சு. இங்க ஜன்னல்ல நனைச்ச வெட்டிவேர் தட்டி, அவ்ளோதான். இதுவே போதும்னு கைய காட்டி உக்காந்துடுச்சு! இன்னிக்கும் சித்திரை வந்தா என் வூட்லதான் தங்குது. இரு, தட்டி காஞ்சிருக்கும், தண்ணி தெளிச்சுட்டு வரேன்.