கம்பெனி பீஸ்

பாஞ்சாலிக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும். கேண்டீன் சாம்பாரில் மிதக்கும் எண்ணெயைப் பார்த்தால் குமட்டும், கம்பெனி பஸ் ஜன்னலில் எச்சில் துப்புகிறவனைப் பார்த்தால் குமட்டும். எல்லாவற்றையும்விட, அவள் ஊரான வல்லம் வடகாலில் வெள்ளைச் சட்டை போட்டுத் திரியும் பகலவனின் சிரிப்பைப் பார்த்தால் குடலே மேலே வரும். ஆனால் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். அதனால் அந்தக் குமட்டலை மட்டும் விழுங்கிவிடுவாள்.

ஒரகடத்தில் கார்களுக்கு ஃபியூயல் பம்ப் செய்கிற ஒரு கம்பெனியில் அவள் செக்கர். டாங்குக்குள் முங்கிக் கிடந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளுகிற, கைக்கு அடக்கமான மோட்டார் அது. ஒவ்வொன்றையும் மெஷினில் மாட்டி ஓட்டிப் பார்ப்பாள். தள்ளுகிற வேகம் குறைந்தாலோ கரகரவென்று சத்தம் வந்தாலோ, தலையில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு, பக்கவாட்டில் தனக்கென்று கொடுத்த முத்திரையால் ஒரு குத்து, அப்புறம் சிவப்புத் தொட்டி. தொட்டியில் விழுந்ததை நசுக்கிவிடுவார்கள் என்று ட்ரெயினிங்கில் சொல்லியிருந்தார்கள். தொட்டியை அள்ளிக்கொண்டு போகிற லாரி பகலவனுடையது. ஸ்கிராப் காண்ட்ராக்ட் அங்கே வெளியாள் கைக்குப் போகாது. ஊர்க்காரன் எடுத்தான் என்றால் அதற்குமேல் கேள்வி கிடையாது.

அவள் புருஷன் நாகப்பனிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. காலையில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்குகிற பெண்களை அடைத்துக்கொண்டு போய்க் கம்பெனி வாசல்களில் இறக்குவான். மகள் காவேரி நர்சிங் படிப்பது அந்த வண்டி ஓடுவதால்தான். அப்படிப்பட்ட வண்டிக்கு அவன் செய்த உபசாரம் இருக்கிறதே! டாங்கை நிரப்புவது என்பது அவன் ஜாதகத்திலேயே இல்லை. முள் சிவப்பைத் தொட்ட பிறகுதான் பங்க் பக்கம் திரும்புவான். பம்ப் சூடேறாமல் இருப்பதே சுற்றிலும் பெட்ரோல் இருப்பதால்தான். இவன் வண்டியில் அது முக்கால்வாசி நேரம் காய்ந்து கிடந்தது. கடைசியில் பின்சீட்டுக்கு அடியிலிருந்து கொசு கத்துவதுபோல ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. வெயிலில் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாமல் மானத்தை வாங்கியது.

"பம்ப்பு போச்சுண்ணே. கடைல நல்லதா ஒண்ணு வாங்கினு வா, டாங்கயும் கழுவி மாட்டித் தரேன்" என்றான் மெக்கானிக் ரத்தினம்.

நாகப்பன் கடைக்குப் போகவில்லை. சுற்றுவட்டாரம் முழுக்க ஒரு பைத்தியம் உண்டு, அதற்குப் பெயர் கம்பெனி பீஸ். கண்ணாடியோ பிரேக் கட்டையோ, ஸ்கிராப் லாரியில் வந்தது என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கடைச் சரக்கு டூப்ளிகேட்டாம், இது நேரே கம்பெனியிலிருந்து வந்ததாம். கம்பெனி ஏன் அதை வெளியே தள்ளியது என்று ஒருவனும் யோசிக்கமாட்டான். நாகப்பன் பகலவனிடம் பல்லைக் காட்டி ஒரு பம்ப்பை வாங்கி, பாஞ்சாலி ஷிப்டில் இருந்தபோது மாட்டிவிட்டான்.

மாதம் முடியவில்லை. ஒருநாள் பாஞ்சாலி செங்கல்பட்டு போய்விட்டு ரயிலில் திரும்பியவள், ஸ்டேஷனில் அதே வண்டியின் முன்சீட்டில் ஏறினாள். பின்னால் நெருக்கிக்கொண்டு ஷிப்டுக்குப் போகும் பெண்கள். ஒரகடம் ரோட்டின் நட்டநடுவில் இன்ஜின் பொசுக்கென்று செத்தது. பின்னால் வந்த கண்டெய்னர் லாரி பிரேக் அடித்த அடியில் டயர் கருகிய நாற்றம் காருக்குள் வந்தது. பின்கண்ணாடி முழுக்க லாரியின் முகம்தான் தெரிந்தது. ஸுப்ரஜா என்கிற சின்னப் பெண் பயத்தில் முன்னால் சாய்ந்து பாஞ்சாலியின் தோள் புடவையிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். ஆச்சரியம், அதில் அவளுக்குக் குமட்டவே இல்லை.

குமட்டியது ரத்தினத்தின் ஷெட்டில். பின்சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, அவன் பம்ப்பை வெளியே எடுத்தான். பெட்ரோல் சொட்டச் சொட்ட அதைத் துணியில் துடைத்து நீட்டினான். பெயிண்ட் போகத் தின்னர் போட்டுத் தேய்த்திருந்தும் தலையின் பள்ளத்தில் சிவப்பு ஒட்டியிருந்தது. பக்கத்தில் குத்து. அவளுடைய முத்திரை. அவள் கையால் கழித்துப் போட்டது, சுற்றிக்கொண்டு வந்து அவள் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தது.

அந்தப் பம்ப்பை எடுத்துக்கொண்டு நேரே பகலவன் வீட்டுக்குப் போனாள். வேறு பம்ப் கேட்டு முன்னாடியே அங்கே வந்திருந்த நாகப்பனையும் பக்கத்தில் உட்கார வைத்து அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உன் வண்டில இத மாட்டுவியா?"

"இன்னா தங்கச்சி, என் வண்டிக்கு ஷோரூம்தான்" என்று சிரித்தான் பகலவன். "ஒண்ணு ரெண்டு அப்டித்தான் இருக்கும். வேற ஒண்ணு தரேன், சும்மாவே எடுத்துனு போ. வேல நல்லா போய்க்கினு கீதுல்ல?"

நாகப்பனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இருபது வருஷம் கூடப் படுத்து எழுந்த மனுஷன், புழுவைவிடக் கேவலமாகத் தெரிந்தான். சும்மா கிடைத்த பம்ப்பை அன்றைக்கே மாட்டிக்கொண்டும் வந்தான்.

மறுநாள் அவளுக்கு செகண்ட் ஷிப்ட், மதியம் போனால் போதும். இருந்தும் காலையிலேயே போய் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஸ்டேஷனில் பெண்கள் ஏறினார்கள்.

"பம்ப் மாத்திட்டியாண்ணே?" என்று ஸுப்ரஜா கேட்டாள்.

"புத்தம் புதுசும்மா. ஒரிஜினல் கம்பெனி பீஸ்."

பாஞ்சாலி இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தாள். "எறங்குங்கடி. ஓடாதுன்னு நாங்க கழிச்சுப் போட்டத்தான் உங்க சீட்டுக்கு அடில மாட்டிகீறான். நேத்து கழட்டனதுல என் முத்திரையே கீது. எறங்குங்க."

நாகப்பன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான். "காவேரிக்கு ஃபீஸ் யாரு கட்டுவா? உன் வேலையும் பூடும், தெரியுதா?"

"இதுங்களும் எவளோ பெத்த காவேரிங்கதான்யா."

ஸுப்ரஜா முதலில் இறங்கினாள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, டிபன் பையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். சாயங்காலத்துக்குள் விஷயம் பகலவன் காதுக்குப் போய்விடும் என்று பாஞ்சாலிக்குத் தெரியும். கையை உதறிக்கொண்டு போய், அந்தப் பெண்களுக்காக ஒரு ஷேர் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.