சுவரில் சிதறிய பாதரசம்

முதலில் நோய் தெரிந்தது மகளின் கைகளில். பத்து வயதான கவியின் விரல் நுனிகள் சிவந்து, வியர்த்து, தோல் உரிந்தன. பிறகு கால்களும் வலித்தன. வலி தாங்காமல் தலையணையைக் கடித்துக் கிழித்தாள். அதே நாட்களில் என் பல் முரசில் இரத்தம் கசிந்தது. வாயில் எந்நேரமும் இரும்பைச் சப்பிய சுவை.

என் கணவருக்குக் கை நடுங்கியது. அவர் துறைமுகத்தில் கிரேன் இயக்குபவர். ஒரு நாள் தூக்கிய சுமை ஆடிப்போய் ஒரு லொறியின் கூரையை நசுக்கியது. நல்லவேளை, உள்ளே ஆளில்லை. வீட்டுக்கு வந்தவர் அந்த நடுங்கும் கையாலேயே என் தலைமயிரைப் பிடித்துக் கதவோடு மோதினார்.

மூன்று உடம்புகளையும் ஒரே நஞ்சு தின்றுகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. இதே நஞ்சு உங்கள் வீட்டிலும் சிந்தியிருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

தொடக்கம் ஒரு சண்டை. நான் நகரில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறேன். கூட வேலை செய்யும் பெண்ணுக்குக் கிண்ணியாவில் கலியாணம். போகக்கூடாது என்றார் என் கணவர். போவேன் என்றேன். இறந்துபோன மாமியாரின் பிறஷர் பெட்டி (இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவி, அதற்குள் பாதரசம் இருக்கும்) அலுமாரியின் மேல் இருந்தது. அதைத் தூக்கி என் முகத்துக்கு எறிந்தார். குனிந்துவிட்டேன். பெட்டி சுவரில் பட்டுச் சிதறியது.

"கூட்டி அள்ளு," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

தும்புத்தடியால் கூட்டினேன். கூட்டக் கூட்ட வெள்ளி மணிகள் பொடிப்பொடியாக உடைந்து, சீமெந்து வெடிப்புகளிலும் மெத்தைத் தையலிலும் புகுந்தன. கொஞ்ச நேரத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். ஏசி போட்ட அறை, யன்னல் திறப்பதில்லை. மூவரும் அதற்குள்தான் படுத்தோம்.

அவர் முன்பும் அடிப்பவர்தான். ஆனால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் நான் மூச்சுவிடக் கொஞ்சக் காலம் கிடைக்கும். இப்போது அதுவும் இல்லை. நித்திரை இல்லாமல் அலைந்தார். சோற்றுக் கோப்பையை என் காலடியில் உடைத்தார். ஒரு மாலை என் கழுத்தை நெரித்தபோது கவி குறுக்கே பாய்ந்தாள். அவர் உதறியதில் கதவு நிலையில் மோதி அவளுடைய நெற்றி பிளந்தது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட பிறகும் மருத்துவர் எங்களை விடவில்லை. கவியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு இரத்த அழுத்தமும் மிகக் கூடுதலாக இருந்தது.

"வீட்டில தெர்மாமீட்டரோ பிறஷர் பெட்டியோ உடைஞ்சதா?"

"ஓம் டொக்டர். கை தவறி விழுந்தது," என்றார் என் கணவர்.

கவி என்னைப் பார்த்தாள்.

"விழேல்லை டொக்டர். என்ர முகத்துக்கு எறிஞ்சவர். பிள்ளையின்ர நெத்தியும் அவராலதான் வெடிச்சது," என்றேன்.

கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்த என் கணவர் என் காதோடு அறைந்தார். மேசை கவிழ்ந்தது. இரண்டு காவலாளிகள் இழுத்துக்கொண்டு போகும்போது, "உன்னைக் கொல்லுவன்," என்று நடைபாதை முழுக்கக் கத்தினார். அந்தக் காதில் இன்றும் சரியாகக் கேட்பதில்லை.

மூவரின் சிறுநீரிலும் பாதரசம் இருந்தது. அவருக்கு ஆஸ்பத்திரியின் வேறு விடுதியில், பொலிஸ் காவலோடு சிகிச்சை நடந்தது. எங்களுக்குக் கீலேஷன் (உலோகத்தைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியேற்றும் மருந்து) தொடங்கினார்கள்.

"அது கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகி மூச்சோட உள்ள போகும். கூட்டினால் இன்னும் கூடப் பரவும். சுத்தமாக்கும் வரைக்கும் அந்த வீட்டில இருக்க ஏலாது," என்றார் மருத்துவர்.

பாலையூற்றில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆட்களோடு வந்தார். தெர்மாமீட்டரில் இருப்பது சொற்பம், அதைக் கவனமாக நாமே எடுக்கலாம், இவ்வளவு கொட்டினால் உடனே சுகாதாரப் பகுதிக்கு அறிவிக்க வேண்டும் என்றார். எங்கே உடைந்தது என்று காட்டுமுன் நகைகளைக் கழற்றச் சொன்னார். தங்கத்தில் பாதரசம் ஒட்டிக்கொள்ளுமாம். தாலியைக் கழற்றி, கூட வந்த என் அக்காவின் கையில் கொடுத்தேன். அதன் ஓரம் ஏற்கெனவே வெளிறியிருந்தது.

நான் முற்றத்தில் எட்ட நின்று யன்னலால் பார்த்தேன். ஏசியை நிறுத்தி, அறைக்கதவை அடைத்து, வெளிப்பக்க யன்னல்களைத் திறந்தார்கள். ஆவியைத் தடுக்கும் முகமூடியும் ரப்பர் கையுறையும் போட்டிருந்தார்கள். டோர்ச் வெளிச்சத்தைத் தரையோடு சாய்த்துப் பிடித்தபோது, நான் கூட்டி முடித்த தரையெங்கும் மணிகள் மினுங்கின. தடித்த அட்டையால் மெல்ல ஒன்றுசேர்த்து, சொட்டுக்குழாயால் உறிஞ்சி, மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தலில் விட்டார்கள். பொடிகளை ஒட்டுநாடாவால் எடுத்தார்கள். மெத்தை, பாய், தும்புத்தடி எல்லாம் தடித்த உறைகளில் கட்டப்பட்டன. எரிக்கவும் கூடாது, குப்பையிலோ கழிவுநீர்க் கானிலோ போடவும் கூடாது. பட்ட துணியை மெஷினில் தோய்க்கவும் கூடாது. இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த அறையைவிட்டு வெளியே வந்திருப்பேன்.

பரிசோதகர் சுவரில் இருந்த பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது உங்கட தலை உயரம், தங்கச்சி."

அந்த வீட்டுக்கு நான் திரும்பவில்லை. நீதிமன்றம் அவர் எங்களை நெருங்கக்கூடாது என்று உத்தரவிட்டது. சில மாதங்களில் அவருடைய நடுக்கம் குறைந்ததாகக் கேள்வி. அவருடைய தம்பி திரியாயிலிருந்து கதைக்க வந்தார்.

"அண்ணி, அடிச்சது அண்ணா இல்லை, அந்தப் பாதரசம். இப்ப ஆள் நல்ல அமைதி."

"பெட்டியை எறியேக்க பாதரசம் அவருக்குள்ள இருக்கேல்லை, தம்பி. பெட்டிக்குள்ளதான் இருந்தது."

அவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

இப்போது இறக்கக்கண்டியில், அக்கா வீட்டில் இருக்கிறோம். கவியின் விரல்களில் புதுத் தோல் வந்துவிட்டது. எங்கள் பரிசோதனைகளிலும் பாதரசம் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் எந்த அறைக்குள் போனாலும் என் முதுகு தானாகச் சுவரைத் தேடுகிறது. எனக்கு நாளின் நீளம் ஆண்களின் காலடிச் சத்தங்களுக்கு இடையில் இருக்கும் தூரம்தான்.

அக்காவின் கணவர், அத்தான், கடலுக்குப் போய் வருபவர். நாங்கள் வந்த புதிதில், அவருடைய காலடி முற்றத்தில் கேட்டாலே கவி கட்டிலுக்கடியில் புகுந்துவிடுவாள். அதைக் கண்ட பிறகு அவர் வாசல் படலையடியிலேயே நின்று, "நான்தான் வாறன்," என்று உரத்துச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

நேற்றும் சொன்னார். நான் வழக்கம்போலச் சுவரோடு சாய்ந்துவிட்டேன். கவி நிலத்தில் குப்புறப் படுத்துப் படம் கீறிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வாங்கோ பெரியப்பா," என்றாள்.