தசரா பீரங்கியோடு ஒரு கிறிஸ்துமஸ் ரிக்கார்டு

லூர்துராஜுக்கு முதலில் வேலை போனது மாதா கோயிலில்தான். பதினாறு வயதில் பூசைக்கு ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கை சும்மா இருக்காமல் பாட்டின் தாளத்தைக் கொஞ்சம் அசைத்துவிட்டார். நற்கருணை வாங்க வரிசையில் வந்தவர்கள் தோளைக் குலுக்கிக்கொண்டே வந்தார்கள். அடுத்த வாரம் ஆர்கனுக்கு வேறு ஆள்.

அப்போது அவருக்கு அதன் பெயர் ஜாஸ் என்றுகூடத் தெரியாது. மைசூர் கோகுலம் பகுதிக்கு யோகா கற்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பை நிறைய ஜாஸ் கேசட்டுகளை விட்டுப்போனார். அவற்றைத் தேயத் தேயக் கேட்டுத்தான் லூர்துராஜ் பியானோ பழகினார். கல்யாண வரவேற்புகளில் வாசித்தார். பிறகு ஓர் ஓட்டல் வரவேற்புக்கூடத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. அங்கே மாலை முழுக்க வாசிக்கலாம். யாரும் கேட்கத்தான் மாட்டார்கள்.

கேட்காதவர்களுக்கு வாசித்து அலுத்தபோது அவர் வீட்டிலேயே கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பதிவு செய்து, வருடா வருடம் சொந்தக்காரர்களுக்குப் பரிசாகக் கொடுக்க ஆரம்பித்தார். சொந்தக்காரர்கள் கேக்கையே எதிர்பார்த்தார்கள்.

"அத்தான், நல்லாத்தான் இருக்கு. ஆனா பாட்டை எங்க ஒளிச்சு வச்சீங்க?" என்று மனைவி மோலியின் தங்கை கேட்டாள்.

"தேடிப் பாரும்மா, உள்ளதான் எங்கயோ இருக்கும்" என்றார் லூர்துராஜ்.

மகள் ஷாரன் அந்தப் பாட்டுகளில் ஒன்றை இணையத்தில் ஏற்றிவைத்தாள். அதைக் கேட்ட பெங்களூரு ரிக்கார்டிங் கம்பெனி ஒன்று, முழு கிறிஸ்துமஸ் தொகுப்பு கேட்டது. லூர்துராஜுக்கு இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: செப்டம்பருக்குள் வேண்டும்.

தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் பதிவு என்பது லேசான காரியமில்லை. மின்விசிறியை நிறுத்தினார்கள். பிரிட்ஜை அணைத்தார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மோலி லீவு போட்டுவிட்டு, வாசலில் ஆட்டோக்காரர்களிடம் ஆரன் அடிக்காதீர்கள் என்று கெஞ்சினாள். பக்கத்து வீட்டுக் கெம்பம்மா மிக்ஸியைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஜன்னலில் தலையை நீட்டி, "ஆய்த்தா சார், முடிஞ்சுதா? சட்னி அரைக்கலாமா?" என்றார்.

எல்லாப் பாட்டும் முடிந்து, கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி. குழந்தை இயேசுவுக்கு லூர்துராஜே போட்ட தாலாட்டு. விரல் படுவதே தெரியாத வாசிப்பு. குழந்தை கண்ணயரும் இடத்தில், டமார்!

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மார்க்கெட் புறாக்கள் கூட்டமாகப் பறந்தன.

"அய்யோ டாடி, தசராவுக்குப் பீரங்கி வெடிச்சுப் பாக்கறாங்க! இன்னைக்கின்னு மறந்தே போச்சு" என்று ஷாரன் தலையில் கைவைத்தாள்.

மறுபடி தொடங்கினார். மறுபடி டமார். காத்திருந்தால் சத்தமே இல்லை, வாசித்தால் வெடித்தது. யாரோ மைதானத்தில் நின்று தன் விரலைப் பார்த்துத் திரி கொளுத்துகிறார்கள் என்று லூர்துராஜுக்குச் சந்தேகமே வந்துவிட்டது. ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"உக்காருங்க" என்றாள் வாசலிலிருந்து வந்த மோலி. "ஊர்வலத்துல மிரளக் கூடாதுன்னு யானைக்குப் பழக்கம் குடுக்கறாங்க. அதுங்களே நிக்குது. நீங்க ஓடறீங்களே!"

லூர்துராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே உட்கார்ந்து தாலாட்டை எடுத்தார். இந்த முறை இடையிடையே கொஞ்சம் இடம் விட்டார். டமார் என்றதும் இடது கை கீழ்ச் சுரங்களில் இறங்கி யானைபோல நடந்தது. வலது கை குழந்தையைத் தட்டிக்கொடுத்தது. அடுத்த வெடி எப்போது வரும் என்று தெரியாது. அது தெரியாததுதான் ருசியாக இருந்தது. வாழ்நாள் முழுக்கத் தனியாக வாசித்தவருக்கு, எங்கிருந்தோ ஒரு டிரம்ஸ்காரர் கிடைத்ததுபோல் இருந்தது.

முடிந்ததும் ஷாரன் பதிவை நிறுத்தினாள். பிறகு மோலி சொன்னாள்: "மூணு ராஜாவும் ஒட்டகத்தை விட்டுட்டு அம்பாரியில வந்துட்டாங்கங்க."

கம்பெனிக்காரர்கள் வெடியில்லாமல் திரும்ப வாசித்து அனுப்பச் சொன்னார்கள். எதற்கும் மறுத்துப் பேசாத லூர்துராஜ், "முடியாதுங்க. குழந்தை முழிச்சாச்சு" என்று போனை வைத்துவிட்டார். பயந்தபடியே அதைக் கடைசிப் பாட்டாகச் சேர்த்தார்கள். டிசம்பரில் மக்கள் அந்த ஒரு பாட்டைத்தான் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். தூங்கும் தாத்தாக்களின் காதருகே அதை வைத்து வேடிக்கை பார்த்தவர்களும் உண்டு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பெங்களூரில் ஒரு சின்ன அரங்கத்தில் கச்சேரி. போஸ்டரில் லூர்துராஜ் பெயரை ஷாரன் ஏழெட்டுக் கோணத்தில் போட்டோ எடுத்தாள். பீரங்கிக்குப் பதிலாக நிஜமாகவே ஒரு டிரம்ஸ்காரப் பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒத்திகையில் அவள் மரியாதையாகக் கேட்டாள்: "சார், அந்த வெடி எந்தெந்த இடத்துல வரணும்?"

"உனக்குத் தோணும்போது அடிம்மா" என்றார் லூர்துராஜ். "எப்பன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத."

அவள் சொல்லவில்லை. அன்று மாலை அரங்கத்தில் முதல் அடி விழுந்தபோது லூர்துராஜ் ஸ்டூலிலிருந்து ஒரு ஜாண் துள்ளினார். வாயெல்லாம் பல்லாக வாசித்தார்.