வெல்டிங் ராடுக்கு வைத்த சந்தனம்

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, டிப்ளமோ முடித்த கையோடு, கீரனூருக்குப் பக்கத்தில் திருச்சி ரோட்டில் இருந்த ஒரு வெல்டிங் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். தரம் பார்க்கும் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருத்திதான். திருமயத்தில் ஏறி, புதுக்கோட்டையில் பஸ் மாறிப் போவேன். எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பும் டிக்கெட் வாங்காமல் கூடவே வரும்.

அந்த வருடம் ரயில் பெட்டிகளுக்கு அலுமினிய பாகங்கள் செய்யும் வேலை எங்களுக்குக் கிடைப்பதாக இருந்தது. பாத்திர அலுமினியம் இல்லை, பாரம் தாங்கும் உறுதியான கலவை. அதை ஒட்டுவது இரும்பு மாதிரி சுலபமில்லை. துளி எண்ணெய், துளி ஈரம் பட்டாலும் போச்சு, இணைப்புக்குள்ளே பொடிப்பொடியாக ஓட்டை விழுந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். முதலில் ஒரு மாதிரித் துண்டை ஒட்டிக் காட்டச் சொல்லியிருந்தார்கள்.

ஒட்ட வேண்டியவர் எங்கள் வெல்டர் அண்ணன். ஏழு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவர். இதில் தேறினால் இங்கேயே நிரந்தர வேலை, இல்லாவிட்டால் மறுபடி குவைத். அவருடைய மூன்று வயது மகள் அவரை அப்பா என்று கூப்பிடப் பழகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், உருக்கி ஒட்டும் மெல்லிய கம்பிகளை, நாங்கள் ராடு என்போம், ஒவ்வொன்றாகத் துடைத்து ஒரு பெட்டியில் அடுக்கி என்னிடம் தந்தார்.

"தங்கச்சி, இது ஒங்க பொறுப்பு. வெறுங்கை படாம பாத்துக்கங்க."

மறுநாள் பட்டறையே மணத்தது. கடைசல் இயந்திரத்திலிருந்து முதலாளியின் பைக் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. அண்ணனின் ராடுகள் மட்டும் பொட்டில்லாமல் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டியைத் திறந்து, மூன்று விரலால் சந்தனத்தை இழுத்து, குங்குமமும் வைத்தேன். அவர் தேற வேண்டும் என்று மனதாரத்தான் வேண்டிக்கொண்டேன். பூஜை விடுமுறை முடிந்த காலையில் காய்ந்த சந்தனத்தைப் பார்த்ததும்தான், வெறுங்கைகூடப் படக்கூடாது என்று அவர் சொன்னது உறைத்தது. கையில் கிடைத்த வேஸ்ட் துணியால் பளபளவென்று துடைத்து மூடிவிட்டேன். அந்தத் துணி அதற்கு முன் எந்த எண்ணெயைத் துடைத்ததோ!

வேறு யாரிடம் இருந்திருந்தாலும் அண்ணன் ராடை இன்னொரு தடவை துடைத்திருப்பார். என்னிடம் இருந்ததால் அப்படியே எடுத்து ஒட்டினார். அத்தனை சீராக வந்தது, எல்லோரும் செல்போனில் படம் பிடித்தார்கள்.

அடுத்த நாள் எக்ஸ்ரே பிலிம் வந்தது. முதலாளி டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தார். இணைப்பு நெடுக, கேழ்வரகைச் சிந்தியது போலக் கரும்புள்ளிகள்.

"ஏழு வருசம் அங்கிட்டு இருந்து என்னத்தய்யா கத்துக்கிட்ட?" என்றார்.

அண்ணன் கையுறையைக் கழற்றி வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை போயிருச்சு போலங்க" என்றார்.

டீ வந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், நான் குடித்தேன். நான் பொட்டு வைத்ததை யாரும் பார்க்கவில்லை, சொல்லாவிட்டால் தெரியவே தெரியாது என்ற கணக்கெல்லாம் போட்டுக்கொண்டே குடித்தேன். அவருடைய டீ ஆடை கட்டிக் கிடந்தது. அவர் இன்னும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லோர் முன்னாலும் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் மட்டும் கேட்டார்: "எனக்காகவா தங்கச்சி பொட்டு வச்சீங்க?"

தலையாட்டினேன்.

"சரி, அழுவாதீங்க. கை நல்லாத்தான் இருக்கு, அது போதும்."

முதலாளி போனில் கெஞ்சி இன்னொரு வாய்ப்பு வாங்கினார். அண்ணன் புது ராடுகளைத் துடைத்து அதே பெட்டியில் அடுக்கினார். வேலையே போய்விடும் என்று ஓரமாக நின்றிருந்த என்னிடம் வந்து பெட்டியை நீட்டினார்.

"இந்தாங்க. ஒங்க பொறுப்பு."

அன்றிரவு அவர் ஒட்டி முடிக்கும் வரை அந்தப் பெட்டியை விட்டு நான் நகரவில்லை. இரண்டாவது பிலிமில் ஒரு புள்ளிகூட இல்லை. அவர் குவைத்துக்குப் போகவில்லை. அடுத்த ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு என் மேசைக்கு வந்து, "நீங்கதான் வைக்கணும், ஆனா மூடி மேல" என்று சிரித்தார்.

இப்போது வேறு ஊரில், எனக்குக் கீழே பத்துப் பேர் வேலை பார்க்கிறார்கள். யாராவது தப்பு செய்துவிட்டு முன்னால் வந்து நின்றால், திட்டுவதற்கு முன் அந்தப் பெட்டி நினைவுக்கு வந்துவிடும். தப்புச் செய்த கையிலேயே பெட்டியைத் திரும்பக் கொடுக்க அண்ணனுக்கு அன்று எப்படி மனம் வந்ததோ, எனக்கு அது இன்னும் முழுதாகக் கைவரவில்லை.