ஆணியைப் பார்த்துத் தேய்ப்பவள்

எதிரே பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அதனால் இஸ்திரிக்கடை அக்காவைத் தெரியும். அவள் தம்பியையும் தெரியும்; தெரியாமலே இருந்திருக்கலாம்.

அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. எதை நேராகப் பார்க்கிறாளோ அது மறைந்து, அந்த இடத்தில் ஓர் அழுக்குத் திட்டுதான் நிற்கும். ஓரங்கள் மட்டும் மிச்சம். அதை வைத்தே பிழைக்கப் பழகினாள். மேஜைக்கு வலப்பக்கச் சுவரில் ஓர் ஆணி அடித்தாள். ஆணியைப் பார்த்தால் மேஜைமேல் கிடக்கும் காலர் ஓரக்கண்ணில் தட்டுப்படும். ஆள் முகம் தெரிய வேண்டுமென்றால் காதைப் பார்ப்பாள்.

கடைமேல் குறியாக இருந்த தம்பிக்கு இது போதாதா? "பேசுறவன் மூஞ்சிய விட்டுட்டு காதப் பாக்குறா. இவகிட்ட துணி குடுத்தா உருப்படுமா?" என்று தெருவெல்லாம் தண்டோரா போட்டான். வாரம் தவறாமல் அவளிடமே ஓசியில் சட்டை தேய்த்து வாங்குகிற வெட்கங்கெட்டவன்.

கடைசியில் கட்டட ஓனரையே கூட்டி வந்தான். அவர் தன் பட்டுச் சட்டையை மேஜையில் வைத்தார்.

"கருகாம தேய்ச்சுக் குடும்மா. கருகுச்சுன்னா கடைய தம்பி பாத்துக்கட்டும்."

அக்கா இஸ்திரிப்பெட்டியின் சூட்டுத் திருகைக் குறைத்து இடப்பக்கம் நிறுத்திவிட்டு, ஆணியைப் பார்த்தபடி பட்டுச் சட்டையை விரித்தாள். ஓனர் போனில் பேசத் தெருப்பக்கம் திரும்பினார். தம்பி நைசாக இடப்பக்கம் நகர்ந்தான். இங்கிருந்து எனக்கு அவன் முதுகுதான் தெரிந்தது.

அக்கா பட்டுச் சட்டையை ஒதுக்கினாள். தம்பி அந்த வாரம் ஓசியில் தேய்க்கப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து விரித்து, அதன்மேல் பெட்டியை வைத்து அப்படியே விட்டாள். கருகல் நாற்றம் என் கடைவரை வந்தது. எனக்கு உள்ளம் குளிர்ந்தது.

"என்னம்மா பண்ற?" ஓனர் ஓடிவந்தார்.

"திருகப் பாருங்க சார். முழுச் சூட்டுல இருக்கும். இவன் கைவேல."

"செவுத்தப் பாத்துட்டு நின்னவளுக்கு என் கை எப்படித் தெரியும்?" என்றான் தம்பி.

"ஓரமா நின்னியே, அதான் தெரிஞ்சுது. எனக்கு நேரா நின்னு செஞ்சிருந்தா தெரிஞ்சிருக்காதுடா. ஒனக்குத்தான் எதையும் நேரா செஞ்சு பழக்கமில்லையே."

ஓனர் குனிந்து திருகைப் பார்த்தார். "கடை ஒங்கிட்டயே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது தம்பி அந்தப் பக்கம் வந்தால், அக்கா காதைப் பார்ப்பதில்லை. முகத்துக்கு நேராகத்தான் பார்க்கிறாள். அக்கா மன்னித்துவிட்டாள் என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். நேராகப் பார்த்தால் அவன் மூஞ்சி அவளுக்குத் தெரியாது என்பதை நான் ஏன் அவனுக்குச் சொல்ல வேண்டும்?