வெறுந்தட்டு

பிரசாந்தினி வீரக்குட்டி நீதிபதியானபோது ரொறன்ரோவில் சாப்பாட்டுக் கடை, கோயில் வாசல், எங்கும் ஒரே கதைதான். "எங்கட ஆள் ஒண்டு உள்ளுக்கு இருக்குது." அந்தக் கதைதான் பிறகு அவளுக்கு வினையாயிற்று.

மட்டக்களப்பிலிருந்து அகதியாக வந்தபோது சின்னப் பிள்ளை. தகப்பன் பிறம்ரனில் லொறி ஓட்டி ஓட்டியே போய்ச் சேர்ந்தார். அவள் சட்டம் படித்தாள். காசு வரும் கொம்பனிகளுக்குப் போகாமல், அகதிகளுக்காக நீதிபதிகளின் முன்னால் நின்று தொண்டை வற்றக் கத்தினாள். கடைசியில் அரசாங்கம் அவளையே கனடாவின் சமஷ்டி நீதிமன்றத்தில் கொண்டுபோய் இருத்தியது. உள்ளே போனால் மாறிவிடுவார்கள் என்று சொல்வதுண்டு. அவள் மாறவில்லை. வழக்குப் பேச ஆட்கள் வருவார்களென்று கலியாண வீடுகளுக்குப் போவதை மட்டும் விட்டாள்.

சட்டப்படி அவள் குடியிருக்கவேண்டியது ஒட்டாவாப் பக்கம். ரொறன்ரோவில் வழக்குக் கேட்க வரும் நாட்களில் பக்கத்து ஊரான விட்பியில் தாய் மனோரஞ்சிதத்தோடு தங்குவாள்.

அப்படி வந்திருந்தபோதுதான் நிசாந்தனின் வழக்கு. மறுநாள் அவனை இலங்கைக்கு விமானம் ஏற்றப் போகிறார்கள். தடுக்கச் சொல்லிக் கேட்டிருந்தான். அவன் முதுகில் இருந்த சூட்டுத் தழும்புகளைப் பற்றி டொக்டர் எழுதியதை, அனுப்பச் சொன்ன அதிகாரி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் கேட்டுத்தான் முடிவு. ஆனாலும் அவள் மனம் அவன் பக்கம் சாய்ந்திருந்தது.

காலையில் சாப்பாட்டு மேசையில் மாதுளம்பழமும் லட்டும் குவிந்திருந்தன.

"ஆரும்மா கொண்டந்த?"

"மில்லிக்கன் பக்கத்து யோகமலர். கோயில்ல பழக்கம், நல்ல மனிசி. அவட தம்பிக்காரன் நிசாந்தனை நாளைக்கு ஏத்தப் போறானுகளாம் மகள். கேஸ் உன்னட்டத்தான் வந்திருக்காம்..."

"அம்மா, நிப்பாட்டுங்க!"

"நான் ஒரு வாக்கும் குடுக்கல்ல. தட்டைத்தான் திருப்பிக் குடுத்தன்."

"வெறுமனேயா?"

"வெறுந்தட்டுக் குடுக்க நாம என்ன அப்படிப்பட்ட சனமா? சீனியும் வாழைப்பழமும் வெச்சுத்தான் குடுத்தன்."

பிரசாந்தினி கதிரையில் இருந்துவிட்டாள். நிறைந்து திரும்பிய தட்டு யோகமலருக்கு 'சரி, பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லியிருக்கும் என்பது விளங்கச் சட்டம் படிக்கத் தேவையில்லை.

ரயிலில் இரண்டு வழியையும் எண்ணிப் பார்த்தாள். தட்டு வந்ததை நீதிமன்றத்தில் சொன்னால் வழக்கு வேறு நீதிபதிக்குப் போகலாம். அவர் அந்தத் தழும்புகளைப் பார்ப்பாரா? பார்க்காவிட்டால் ஒரு மனிதன் லட்டுக்காகச் சாவான். சொல்லாமல் தீர்ப்பெழுதிப் பிறகு வெளியே வந்தாலோ, அவள் இதுவரை தடுத்த ஒவ்வொரு விமானத்தையும் கிளறுவார்கள்.

நீதிமன்றத்தில் ஆசனத்தில் இருந்தவுடனேயே தட்டு வந்து போன கதையை இரண்டு பக்கத்துக்கும் சொல்லிவிட்டாள். நிசாந்தனின் வக்கீல் அலெக்ஸாண்டரின் முகம் வெளிறியது. அரசாங்க வக்கீல் எழுந்து, நீதிபதி தொடர்ந்து கேட்பதில் தங்களுக்கு மறுப்பில்லை என்றார்.

விலகாமல் இருக்கலாம். இருந்து அவனைக் காப்பாற்றலாம். நிமிர்ந்து பார்த்தாள். எல்லார் முகமும் இறுகியிருக்க, பின்வரிசையில், கோயிலில் கண்டு தெரிந்த யோகமலர் மட்டும் காரியம் முடிந்த ஆறுதலோடு அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்புக்கு முன்னால் எழுதும் எந்தத் தீர்ப்பும் தீர்ப்பில்லை. பிரசாந்தினி எழுந்தாள். இன்றைக்கே வேறு நீதிபதியைப் பிடிக்கும்படி பதிவாளர் றோசலினிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதன் பிறகு என்ன நடக்கிறதென்று யாரிடமும் அவள் கேட்கக்கூடாது. கேட்கவில்லை.

பின்னேரம் விட்பிக்குத் திரும்பியபோது வாசலில் யோகமலர். கையில் காலையதைவிடப் பெரிய தட்டு.

"பிளைட் நிண்டிட்டுது பிள்ளை!"

பிரசாந்தினி படியேறிக் கதவைத் திறந்தாள். நிலைப்படியிலேயே திரும்பி நின்றாள்.

"அன்ரி, நான் ஒண்டும் செய்யல்ல. எழும்பிப் போயிட்டன். தடையைக் குடுத்தது மற்ற நீதிபதி."

"ஓம், ஓம். சனத்துக்கு முன்னால எழும்பிப் போன மாதிரிப் போய், உள்ளுக்கால ஒரு சொல்லுச் சொன்னியள். உது விளங்காத ஆளே நான்?" கண்ணடித்தாள்.

பின்னாலிருந்து மனோரஞ்சிதத்தின் கைகள் தட்டுக்கு நீண்டன. பிரசாந்தினி குறுக்கே நின்றாள்.

"அம்மா, தொடாதீங்க. கொண்டு போங்க அன்ரி."

யோகமலர் கோபிக்கவில்லை. தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"கவனமா இருக்கிறா, அதுவும் நல்லதுதான் அக்கா," என்றாள் தாயைப் பார்த்து. "என்ர மச்சாளின்ர மோனுக்கும் ஒரு கேஸ் இருக்குது. பிறகு ஆறுதலா வாறன்."