பெட்டிகளின் விலாசம் தெரிந்தவர்

செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் காருக்குள் ஏறுவார் கர்சோனோ. ஏறி உட்கார்ந்ததும் வெறுங்காலால் தரை விரிப்பைத் தடவிப் பார்ப்பார். கார் வயரிங் வேலைக்கு, ஜாவாவின் சோலோ நகரில், 'பாக்', அதாவது ஐயா, என்று எல்லோரும் அழைக்கும் அவரை விட்டால் ஆளில்லை என்று பெயர்.

காருக்குள் ஒளிந்திருக்கும் கம்ப்யூட்டர் பெட்டிகள் அவருக்கு ஒரு கூட்டுக் குடும்பம். "எஞ்சினைக் கட்டி மேய்க்கிறவரு பெரியண்ணன். அனேகமா பேட்டரிக்குப் பக்கத்துல குடியிருப்பாரு, சூடு தாங்குவாரு. ஏர்பேக்கைப் பாத்துக்கிறவ நடுவுல, கியருக்குக் கிட்ட. கோவக்காரி, அவகிட்ட வெளையாடாதீங்க! கதவு, வெளக்கு பாக்கிறவன் டேஷ்போர்டுக்குப் பின்னால. சாவியை அடையாளம் பாக்கிற கடைக்குட்டி, சில வண்டியில சீட்டுக்கு அடியில படுத்திருப்பான்." எந்த மாடலில் யார் எங்கே குடிமாறினார்கள் என்பது, தங்கை பிள்ளைகளின் பெயரைவிட அவருக்கு நன்றாக மனப்பாடம்.

போன மாதம் ஒரு காலை, ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை போகவேண்டிய கார் கிளம்பவில்லை என்று கர்சோனோவைக் கூப்பிட்டார்கள். சீர்த்தட்டுகளோடு மற்ற வண்டிகள் முன்னே போய்விட்டன. பத்து மணிக்கு நிக்காஹ். நடத்திவைக்கும் பெங்ஹுலுவுக்கு அடுத்தடுத்துக் கல்யாணங்கள், காத்திருக்கமாட்டார். இப்போதே ஒன்பதேகால்.

"நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சே பாக் கர்சோனோ!" என்று கையைப் பிசைந்தாள் மாப்பிள்ளையின் தாய் வினார்சிஹ்.

கர்சோனோவின் பாதம் முன்சீட்டருகே நின்றது. ஈரம். விரிப்பைத் தூக்கினார். கடைக்குட்டிப் பெட்டி நனைந்து கிடந்தது. அதன்மேல் ரோஜா இதழ்கள் ஒட்டியிருந்தன.

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் சித்தப்பா புர்வாடிக்கு முகம் வெளுத்தது. மாப்பிள்ளை குளிக்க ஏழு கிணற்று நீரில் பூப்போட்டு அனுப்புவது பெண்வீட்டு வழக்கம். முந்தின நாள் அதைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

"பிரேக் அடிச்சேன், குடம் பாதி கவுந்துருச்சு," என்று காதோடு சொன்னார். "மீதிக்கு வீட்டுக் குழாயில புடிச்சு ஊத்திட்டேன் பாக். அண்ணிக்குத் தெரிஞ்சா அபசகுனம்னு கல்யாணத்தையே நிறுத்திருவாங்க!"

"அப்ப மாப்பிள்ளை எட்டுக் கிணத்துத் தண்ணியில குளிச்சிருக்காரு. கொடுத்துவெச்சவரு! ஓடிப்போய் ஹேர் டிரையரை எடுத்துட்டு வாங்க."

பேட்டரி வயரைக் கழற்றினார். சாக்கெட்டைப் பிரித்து, உள்ளிருந்த கம்பி முள்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, பொறுமையாகக் காயவைத்தார். ஒன்பதே முக்காலுக்கு எஞ்சின் உறுமியது. மாப்பிள்ளை, கர்சோனோவின் கருவிகளில் இருந்த கிரீஸ் உடைமேல் படாமல் தள்ளி உட்கார்ந்துகொண்டான்.

வினார்சிஹ் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "என்னதான் கோளாறு?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. ஏசி தண்ணி சொட்டியிருக்கு."

இடக்கைக்குள் மூடிவைத்திருந்த ஈர இதழ்களைச் சட்டைப் பைக்குள் போட்டு, பொத்தானை மாட்டிக்கொண்டார்.